மாசச் சாமான் லிஸ்ட் எங்கே போச்சு? வடசென்னைக் கடைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை பக்கம் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் வேலை. மாதத்தில் பாதி நாள் யாராவது ஒருவருடைய கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பேன். கடைக்காரரும் சந்தேகம் கேட்பார், சாமான் வாங்க வந்தவரும் கேட்பார், வேலை செய்கிற பிள்ளைகளும் கேட்பார்கள். கொரோனாவுக்கு அப்புறம் எல்லாரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். வாயால் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே போட்டிருக்கிறேன்.

1. "ஏன்க்கா, கொரோனா போயி இத்தன வருஷம் ஆச்சு, கடைங்கள்ல இன்னும் பழைய வியாபாரம் வரலையே?"

வியாபாரம் வருகிறது. மாசச் சாமான் லிஸ்ட்தான் வரவில்லை. முன்பெல்லாம் 1ஆம் தேதியிலிருந்து 5ஆம் தேதிக்குள் கோடு போட்ட தாளை நீளவாக்கில் மடித்து வீட்டுக்கு வீடு ஒரு லிஸ்ட் வரும். துவரம் பருப்பு மூணு கிலோ, உளுந்து இரண்டு, பாமாயில், துணி சோப்பு ஒரு பார், ஊதுவத்தி என்று முப்பது வரி. அண்ணாச்சி ஒவ்வொன்றாக டிக் அடிப்பார், பையன் கட்டி சைக்கிளில் கொண்டுபோய்ப் போடுவான். கடை வாடகையும் கரண்ட் பில்லும் அந்த ஐந்து நாளில் வந்துவிடும்.

இப்போது அந்த முப்பது வரி சூப்பர் மார்க்கெட்டுக்கோ ஆப்புக்கோ போகிறது. அண்ணாச்சிக்கு வருவது காலையில் பால், மாவு, மதியம் ஒரு முட்டை, ராத்திரி கொசுவத்தி. நான் பார்க்கும் ஒரு மளிகைக் கடையில் பில் எண்ணிக்கை முன்பைவிடக் கூடியிருக்கிறது, ஒரு பில்லின் தொகை குறைந்திருக்கிறது. மாதத்தில் 3ஆம் தேதியும் 23ஆம் தேதியும் ஒரே மாதிரி ஓடுகின்றன. கீழே சொல்லப்போகும் பாதிக்கு மேல் இதிலிருந்து கிளைத்ததுதான்.

2. "லாக்டவுன்லதான எல்லாரும் ஆப்புக்குப் போனாங்க?"

எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். எங்கள் பக்கம் நடந்தது கொஞ்சம் தலைகீழ். 2020 மார்ச் 25இல் ஊரடங்கு தொடங்கியது. மே மாதத்தில் சென்னையிலேயே அதிகத் தொற்று இருந்தது ராயபுரம் மண்டலத்தில். தெருவை மறித்துத் தகரம் அடித்திருந்தார்கள். ஆப்பில் ஆர்டர் போட்டால் நாள் கணக்கில் வராது, வந்தாலும் தகரத்துக்கு அந்தப் பக்கம் நிற்கும். மே 5இல் கோயம்பேடு மார்க்கெட்டையும் மூடி, மொத்த வியாபாரத்தைத் திருமழிசைக்கு மாற்றினார்கள். அந்த நாளில் ஊருக்குச் சோறு போட்டது ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருந்த அண்ணாச்சிதான்.

அந்தச் சமயத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம் வேறு: நோட்டைத் தொடப் பயந்து போனில் பணம் கட்டுவது. அதுவரை போனை எடுத்துப் பேச மட்டும் தெரிந்த அம்மாக்கள்கூட ஸ்கேன் பண்ணக் கற்றுக்கொண்டார்கள். கை பழகிவிட்டால் பால் வாங்க ஒரு ஆப், பருப்பு வாங்க ஒரு ஆப் என்று போவது எளிது. பத்து நிமிட டெலிவரி அதற்கப்புறம் வந்தது. லிஸ்ட் கைமாறியது அப்போதுதான்.

3. "ஆப்புல மட்டும் எப்டி சீப்பா குடுக்குறான்? அப்ப அண்ணாச்சி நம்மள ஏமாத்துறாரா?"

இல்லை. கம்பெனியிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர், அவரிடமிருந்து கடை என்று வருகிற சரக்கில் இரண்டு கையும் கொஞ்சம் லாபம் பார்த்தாக வேண்டும். பெரிய ஆட்கள் மொத்தமாக எடுக்கிறார்கள், விளம்பர இடத்துக்குக் கம்பெனியிடமே பணம் வாங்குகிறார்கள், ஆள் பிடிப்பதற்காக நஷ்டத்தையும் தாங்குகிறார்கள். இது நியாயமான போட்டியா என்று விசாரிக்கச் சொல்லி டிஸ்ட்ரிபியூட்டர்களின் அகில இந்தியக் கூட்டமைப்பு 2024இல் இந்தியப் போட்டி ஆணையத்துக்குப் போனது. சில சாமானை அண்ணாச்சி கொள்முதல் செய்யும் விலையைவிட ஆப்பில் குறைவாகவே விற்கிறார்கள். அவரே அதில் வாங்கிக் கடையில் அடுக்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் "சீப்" என்று முடிவு செய்யும் முன் இரண்டு இடத்தைப் பாருங்கள். ஒன்று, பாக்கெட்டில் பொடி எழுத்தில் ஒரு கிராமுக்கோ ஒரு மில்லிக்கோ என்ன விலை என்று அச்சிட்டிருக்கும். பெரிய பாக்கெட் என்றாலே லாபம் என்பது கிடையாது. ஷாம்புவில் பல பிராண்டுகளில் பாட்டிலைவிடச் சாஷேதான் மலிவு. இரண்டாவது, ஆப்பில் கடைசித் திரை. ஹேண்ட்லிங் சார்ஜ், சின்ன ஆர்டர் சார்ஜ், மழை சார்ஜ் என்று சேர்ந்திருக்கும். விலையைத் துண்டு துண்டாக்கி இப்படிக் கடைசியில் காட்டுவதும், கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பதும் 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை செய்த 13 தந்திரங்களில் வருகின்றன. தடை இருக்கிறது, தந்திரமும் இருக்கிறது.

4. "டார்க் ஸ்டோர்னா இன்னாபா? இருட்டுக்கடை அல்வா மாதிரியா?"

அல்வா என்றாலாவது கொஞ்சம் சாப்பிட்டுப் பார்க்கலாம். இது வாடிக்கையாளர் உள்ளே போக முடியாத கடை. குடோன் மாதிரி ரேக் ரேக்காகச் சரக்கு. உள்ளே பிள்ளைகள் ஓடி ஓடி எடுத்துப் பையில் போடுவார்கள், வெளியே பைக்குகள் நிற்கும். பத்து நிமிடத்தில் வருகிறது என்றால் சரக்கு உங்கள் வீட்டிலிருந்து இரண்டு, மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கிறது என்று அர்த்தம்.

5. "பத்து வருஷமா நோட்டுல எழுதிக் குடுத்த அண்ணாச்சி இப்ப கடன் இல்லன்றாரு. எங்க மேல நம்பிக்க போச்சா?"

இதைக் கேட்கும்போது எனக்கும் சங்கடமாக இருக்கும், ஏனென்றால் அந்த நோட்டைப் பிரித்துக் கூட்டிச் சொன்னதே நான்தான். ஒரு கடையின் 2020 நோட்டு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. நீல அட்டை, ஓரமெல்லாம் எண்ணெய். வீட்டுக்கு ஒரு பக்கம். சில பக்கங்களில் பற்று மட்டும் இருக்கும், வரவுப் பக்கம் வெறுமை. கீழே பென்சிலில் "வீடு காலி" என்று எழுதியிருப்பார். வேலை போய் ஊருக்குத் திரும்பியவர்கள் அவர்கள். இரண்டு பக்கத்தில் பெயர் மேல் ஒரு கோடு, தொகை மேலும் ஒரு கோடு. யார் போனார் என்று அண்ணாச்சி சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் டிஸ்ட்ரிபியூட்டர் கடைக்குக் கொடுக்கும் தவணை சுருங்கிவிட்டது. முன்பு போன வாரத்துப் பில்லுக்கு இந்த வாரம் பணம் கொடுத்தால் போதும். இப்போது பலர் சரக்கை இறக்கும்போதே கேட்கிறார்கள். மாசச் சாமான் போய்விட்டதால் (முதல் பதில்) கையில் மொத்தமாகப் பணம் சேரும் ஐந்து நாளும் இல்லை. கடன் கொடுக்க அவரிடம் என்ன இருக்கிறது?

அப்படியும் முழுக்க நிற்கவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த இரண்டு மாதம் காசிமேட்டுப் பக்கத்துக் கடைகளில் நோட்டு இன்றும் ஓடுகிறது. எந்த ஆப்பும் தடைக்காலம் பார்த்து அரிசி கொடுக்காது. என் கோபம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: கடனுக்கு அண்ணாச்சி, ரொக்கத்துக்கு ஆப் என்று இருப்பவர்கள், அண்ணாச்சி மாறிவிட்டார் என்று என்னிடம் வந்து சொல்லாதீர்கள்.

6. "ஜி.பே. பண்ணா ரெண்டு ரூபா கூடக் கேக்குறாரு. சரியா அது?"

சரியில்லை. பேங்க் கணக்கிலிருந்து நேராக யு.பி.ஐ.யில் போகும் பணத்துக்கு 2020 ஜனவரி 1 முதல் வியாபாரியிடம் கட்டணம் பிடிப்பதில்லை. "பெறப்பட்டது" என்று கத்துகிற பெட்டிக்கு மாத வாடகை உண்டு; அது அவர் செலவு. ரூபே கிரெடிட் கார்டை இணைத்துக் கட்டினால் தொகையைப் பொறுத்து அவருக்குப் பிடித்தம் இருக்கலாம், அதனால் சிலர் அதை வேண்டாம் என்பார்கள். ஐந்து ரூபாய் மிட்டாய்க்கு ஸ்கேன் பண்ணினால் முகம் சுளிப்பது வேறு விஷயம். அதற்குச் சட்டத்தில் மருந்து இல்லை.

7. "ஸ்க்ரீன்ஷாட் காமிச்சுட்டுப் போய்ட்டான்க்கா, பணமே வரல."

பெட்டி பேசும்வரை சாமானைக் கையில் கொடுக்காதீர்கள். ஸ்க்ரீன்ஷாட் மாதிரியே படம் காட்டும் போலி ஆப்புகள் இருக்கின்றன. இன்னொன்று இதைவிட மோசம்: தெரியாத ஆள் வந்து "பத்தாயிரம் ஜி.பே. பண்றேன், கேஷா குடுங்க" என்பான். பணம் உண்மையாகவே வரும். யாரையோ ஏமாற்றிய பணமாக இருந்தால் கொஞ்ச நாள் கழித்து போலீஸ் புகாரில் உங்கள் கணக்கு முடங்கும். பணம் ஏமாந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடியுங்கள். எவ்வளவு சீக்கிரம் அடிக்கிறீர்களோ அவ்வளவு நல்லது.

8. "ஜி.பே.ல வாங்குனா ஜி.எஸ்.டி. நோட்டீஸ் வருமாமே? நிறுத்திடட்டா?"

2025 ஜூலையில் பெங்களூரில் சின்னக் கடைகளுக்கு யு.பி.ஐ. வரவை வைத்து நோட்டீஸ் போனது. அங்கே பல கடைகள் "கேஷ் மட்டும்" என்று போர்டு மாட்டின. அந்தச் செய்தி வாட்ஸ்அப்பில் இங்கே வந்து சேர்ந்ததிலிருந்து இந்தக் கேள்வி ஓயவில்லை.

கணக்கு இதுதான். பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால் பதிவு கட்டாயம். நாளுக்குச் சராசரியாகப் பார்த்தால் 11,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. இது ரொக்கம், போன் இரண்டும் சேர்ந்த தொகை. போனை நிறுத்தினால் விற்பனை குறைந்துவிடாது, கண்ணுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான். வெறும் காய்கறி, பால் மாதிரி வரியில்லாப் பொருளை மட்டும் விற்றால் பதிவு வேண்டாம். ஆனால் அரிசி, காய்கறியோடு பிஸ்கட், சோப்பும் விற்றால் எல்லாம் சேர்த்துத்தான் 40 லட்சம் கணக்கு.

தாண்டினாலும் உலகம் முடிந்துவிடாது. ஒன்றரைக் கோடி வரை காம்போசிஷன் திட்டத்தில் சேர்ந்து, வியாபாரிகள் வரியுள்ள பொருளின் விற்பனையில் 1 சதவீதம் கட்டலாம். அதை வாடிக்கையாளரிடம் தனியாக வசூலிக்கக் கூடாது. ஒரே ஒரு வேண்டுகோள்: மச்சான் அனுப்பும் சீட்டுப் பணமும் கடைப் பணமும் ஒரே க்யூ.ஆரில் விழ வேண்டாம். பிரித்துச் சொல்ல என்னால் முடியும், ஆனால் அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும்.

9. "எம்.சி. ரோட்ல தீபாவளிக்குக் கால் வைக்க எடம் இல்ல. துணி யாவாரம் அடி வாங்கலன்னுதான அர்த்தம்?"

எம்.சி. ரோடு வண்ணாரப்பேட்டையின் துணிக்கடைத் தெரு. தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்துவிட்டு முடிவுக்கு வராதீர்கள். ஆடி முடிந்து ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்கு வாருங்கள். பொம்மைக்கு மாட்டிய சுடிதாரைத் தூசு தட்டிக்கொண்டிருப்பார்கள். முன்பு வாரத்துக்குக் கொஞ்சமாக வந்த வியாபாரம் இப்போது பொங்கல், ரம்ஜான், ஆடித் தள்ளுபடி, தீபாவளி, கிறிஸ்துமஸ் என்று நாலைந்து குவியலாகக் குவிகிறது. நடுவில் வெறுமை. வாடகை மட்டும் மாதா மாதம் வரும்.

ஆனாலும் மளிகையைவிடத் துணி தாக்குப்பிடிக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் துணி வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்ததால் வண்ணாரப்பேட்டை என்று பேர் வந்த இடம் இது. துணியைக் கையால் தடவாமல் இங்கே யாரும் வாங்குவதில்லை. ஒரு அம்மா நைட்டி வாங்குவதைப் பாருங்கள். முதலில் கழுத்தோரத் தையலை இழுப்பார். அப்புறம் துணியை உள்ளங்கையில் கசக்கி விட்டு எவ்வளவு சுருக்கம் விழுகிறது என்று பார்ப்பார். நிழலில் ஒரு தடவை, வாசல் வெளிச்சத்தில் ஒரு தடவை நிறம் பார்ப்பார். இவ்வளவும் ஆன பிறகுதான் "எவ்ளோபா?" இதில் ஒன்றையும் போனில் செய்ய முடியாது.

மெட்ரோவும் கைகொடுத்தது. 2021 பிப்ரவரி 14இல் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை ரயில் நீண்டது. திருவொற்றியூர் பக்கத்தார் பஸ் நெரிசல் இல்லாமல் வந்து போகிறார்கள். அதே ரயிலில் ஏறி எங்கள் பேட்டைப் பிள்ளைகள் அண்ணா சாலைப் பக்கமும் போகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். வரியிலும் லாபம்: 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரை உள்ள ஆயத்த ஆடைக்கு 5 சதவீதம்தான், அதற்கு மேலே 18. எங்கள் ரோட்டுச் சரக்கில் பெரும்பாலானது அந்தக் கோட்டுக்குக் கீழே.

10. "இன்ஸ்டால 'எம்.சி. ரோடு ஹோல்சேல், பத்து நைட்டி ஆயிரம் ரூபா'ன்னு வருது. பணம் போடலாமா?"

உண்மையான கடைகளும் அப்படி விற்கின்றன. ஊரடங்கில் ஷட்டருக்குள் உட்கார்ந்து போனில் சரக்கைக் காட்ட ஆரம்பித்த ஒரு அக்கா, இப்போது வெளியூர்களுக்குத்தான் அதிகம் அனுப்புகிறார். கடை வெறும் ஸ்டூடியோ மாதிரி. ஆனால் அவர் போட்ட வீடியோவையே திருடி, வேறு பேரில் கணக்குத் தொடங்கி, வேறு நம்பரில் பணம் வாங்குகிறார்கள். ஏமாந்தவர்கள் பில்லைத் தூக்கிக்கொண்டு நேரில் வந்து அவரிடம் சண்டை போட்டதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

முதல் தடவை வீடியோ காலில் கடை போர்டையும் தெருவையும் காட்டச் சொல்லுங்கள். ஜி.எஸ்.டி. எண் கேட்டு அரசு இணையதளத்தில் போட்டால் கடைப் பெயரும் முகவரியும் வரும். அந்தப் பெயரும் பணம் அனுப்பும்போது தெரியும் பெயரும் ஒட்டவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

11. "'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது'ன்னு பில்லுல அச்சடிச்சிருக்கே, அவ்ளோதானா?"

அவ்வளவுதான் இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20இல் நடைமுறைக்கு வந்தது. குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்று அதில் இருக்கிறது. கிழிசல், தையல் விட்டது, காட்டியது ஒன்று கொடுத்தது ஒன்று என்றால் கேட்கலாம். வீட்டுக்குப் போனதும் கலர் பிடிக்கவில்லை என்பது குறையில் சேராது. அதைக் கடைக்காரர் மாற்றிக் கொடுத்தால் அது அவர் தயவு. ஆப்பில் வாங்கியதற்கும் புகார் அதிகாரி இருக்க வேண்டும், அவர் 48 மணி நேரத்தில் புகார் வந்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அங்கே வேலைக்காகவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அடியுங்கள்.

12. "பில் போட போன் நம்பர் குடுத்தே ஆகணுமா?"

வேண்டாம். நம்பர் கொடுத்தால்தான் பில் என்று வற்புறுத்தக் கூடாது என மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023இல் சொல்லிவிட்டது. பை காசையும் மிச்சப்படுத்த வேண்டுமா, மஞ்சப்பை கொண்டு போங்கள்.

13. "காலைல பத்துலருந்து ராத்திரி பத்து வர நின்னுகினே இருக்கோம். ஸ்டூல் குடுக்கணும்னு சட்டம் இருக்காமே?"

இருக்கிறது. 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்தார்கள். வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை கட்டாயம். நான் போகும் ஒரு கடையில் ஸ்டூல் இருக்கிறது, அதன் மேல் எப்போதும் சரக்கு மூட்டை இருக்கிறது. கூட்டம் இல்லாத நாளில்கூட (9ஆவது பதிலில் சொன்ன செவ்வாய்க்கிழமை) உட்கார்ந்தால் முதலாளிக்கு வேலை இல்லாத மாதிரித் தோன்றுகிறதாம். தொழிலாளர் துறையில் எழுத்தில் புகார் கொடுக்கலாம். தனியாகப் போகாமல் நாலு பேராகப் போங்கள்.

14. "காசிமேட்டு மீனே ஆப்புல வருது. அப்புறம் எதுக்கு விடியக்காத்தால போறது?"

ஆப்பில் வருவது ஏற்கெனவே வெட்டிக் கழுவியது. செவுளைத் தூக்கிச் சிவப்பு பார்க்க முடியாது, விரலால் அழுத்தி மீள்கிறதா என்று பார்க்க முடியாது. ஆபீஸ் போகிறவர்களுக்கு அது வசதி, குறை சொல்ல மாட்டேன். எனக்கு அரிவாள்மணையில் உட்கார்ந்து வெட்டிக் கொடுக்கும் அக்காவிடம், "தலைய கொழம்புக்குத் தனியா வை" என்று சொல்ல வேண்டும்.

15. "அப்பாக்கு முடியல. கடைய நான் எடுத்து நடத்தலாமா, இல்ல வித்துட்டு வேற வேலைக்குப் போயிடலாமா?"

போன மாதம் ஒரு தம்பி கேட்டது. முதலில், இடம் சொந்தமா வாடகையா? சொந்தம் என்றால் மூச்சு விட நேரம் இருக்கிறது. வாடகை என்றால், சில்லறை வியாபாரத்தில் மட்டும் அந்த வாடகை வருகிறதா என்று பாருங்கள். மாசச் சாமான் திரும்பி வரும் என்று கணக்குப் போடாதீர்கள். அப்புறம், காலை ஆறிலிருந்து ஒன்பது வரை என்ன விற்கிறது, யார் வாங்குகிறார்கள் என்று ஒரு வாரம் எழுதுங்கள். மாவு, பால், ரொட்டி, டிபன் சாமான் அங்கே ஓடினால் கடைக்கு உயிர் இருக்கிறது. ஆறு வகைச் சோப்பை அடுக்கி ஆப்போடு விலையில் மோதும் யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

கடைசியாக, அப்பாவின் நோட்டு. வர வேண்டிய கடன் எவ்வளவு, அதில் "வீடு காலி" எத்தனை பக்கம் என்று அவரையே பக்கத்தில் உட்காரவைத்துப் பாருங்கள். அந்தத் தம்பி பார்த்தான். வராத பக்கங்களைக் கிழித்துவிடலாமா என்று கேட்டதற்கு அவன் அப்பா வேண்டாம் என்றாராம். நோட்டு இப்போதும் கல்லாவுக்குக் கீழே இருக்கிறது. தம்பி, கல்லாவுக்குப் பக்கத்திலேயே மாவு அரைக்கிற மிஷின் ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறான்.